எட்டு மாதம் நின்ற பவர் டில்லர்: பம்பில் கை வைக்கும் முன்

வைகையில் உள்ள பேரணையில் ஷட்டர் திறந்து பெரியாறு கால்வாயில் தண்ணீர் வருகிறது என்று சேதி எட்டியதும் மதுரை மேலூர்ப் பக்கத்தில் முதலில் அசைவது பவர் டில்லர் மேல் போர்த்திய தார்ப்பாய்தான். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் என்பதால் அங்கே வண்டி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சேற்றில் இறங்கிவிடும். அதற்குக் கீழே ஒருபோகம். தை, மாசியில் அறுப்பு முடிந்து தொழுவத்து ஓரம் ஒதுக்கிய வண்டி ஆவணி, புரட்டாசி வரைக்கும் அப்படியே நிற்கும். பிறகு ஒருநாள் காலையில் ஹேண்டிலைப் போட்டு இருபது சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். தோள் கழன்றதுதான் மிச்சம் என்று ஆனதும் பட்டறைக்குப் போன் வரும்.

"அண்ணே, பம்ப் போயிருச்சுண்ணே. கழட்டிக் கொண்டாரவா?"

"கழட்டாதப்பா. சுத்துறப்ப சைலன்சர்ல புகை வருதா, வரலையா? மொதல்ல அதச் சொல்லு."

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. வண்டி கிளம்பவில்லை என்றால் நம் ஊரில் பழி நேராக டீசலை அழுத்தித் தள்ளும் எஃப்.ஐ. பம்ப் மேல் விழும். ஆனால் சும்மா நின்ற இன்ஜினில் பம்ப் உள்பக்கம் டீசலில் ஊறிக்கொண்டேதான் இருந்தது; தண்ணீர் புகாத வரை அதுதான் இருப்பதிலேயே பத்திரமான இடம். கெடுவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை: டேங்க் அடியில் சேர்ந்த தண்ணீர், வெடித்த ரப்பர் ஹோஸ், பாதி அடைத்த ஃபில்டர், துருப்பிடித்து அப்பிக்கொண்ட வால்வ், சைலன்சரில் வீடு கட்டிய குளவி. இவற்றை விட்டுவிட்டுப் பம்பைப் பிரித்தால், கெடாத ஒன்றைக் கெடுத்துவிட்டு, கெட்டதை அப்படியே வைத்திருப்போம்.

12, 13 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் டில்லர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய 18 அல்லது 20 மடங்கு நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அந்த நேரத்தில் டீசல் பனி மாதிரிப் பீய்ச்சப்பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆக வேண்டியது மூன்று: கசியாத அழுத்தம், பனியாக விழும் டீசல், போதுமான சுற்று வேகம். கிளம்பாத வண்டியில் இந்த மூன்றில் எது இல்லை என்று பிடித்துவிட்டால் ஸ்பேனரை எங்கே வைப்பது என்பது தெரிந்துவிடும்.

ஸ்பேனர் எடுக்காமல்

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு குறிக்கு மேலே ஏறி, விரலில் தேய்த்தால் தண்ணியாக வழுக்கி, டீசல் வாடை அடித்தால் பம்ப் வழியே டீசல் ஆயில் சேம்பருக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டில் எது என்றாலும் அன்றைக்கு ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஆயிலை வடித்து, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம். பேரிங் போனால் செலவு பம்பைவிடப் பல மடங்கு.

அடுத்து ஸ்டாப் லீவர். சிரிக்காதீர்கள். போன தடவை நிறுத்தும்போது இழுத்த லீவர் துருப்பிடித்து அங்கேயே நின்றிருக்கும். கேபிள் மட்டும் கையோடு திரும்பி வந்திருக்கும். கைப்பிடியைப் பார்த்து முடிவு செய்யாமல் பம்ப் பக்கத்தில் உள்ள லீவரைப் பாருங்கள். டீசல் டேப்பும் அப்படித்தான். கைப்பிடி குழாய் போகும் திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. ஆனால் பழைய டேப்பில் கைப்பிடி திரும்பும், உள்ளே இருக்கும் கட்டை திரும்பாது. ஹோஸைக் கழற்றி டீசல் நூலாக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

டேங்க் மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு காற்றுத் துளை இருக்கும். மண்ணும் டீசலும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வண்டி கிளம்பிப் பத்து நிமிஷம் ஓடி, பிறகு மூச்சு முட்டி நிற்கும். அரை மணி கழித்துச் சுற்றினால் மறுபடி ஓடும். இப்படி விட்டு விட்டு ஓடும் வண்டியை நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால் துளை அடைப்பு. ஒரு குண்டூசியில் முடிகிற வேலை இது. இதற்காக நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) மாற்றிய வண்டிகள் உண்டு.

இனி குளவி. மதுரை வட்டாரத்துக் கோடையில் களிமண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவிக்கு விரல் நுழையும் எந்த ஓட்டையும் வீடுதான். சைலன்சர் வாய், ஏர் கிளீனரின் இழுப்புக் குழாய், ஆயில் சேம்பரின் மூச்சுக்குழாய் மூன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கூடு காய்ந்தால் ஓட்டுத் துண்டு மாதிரி இறுகியிருக்கும். சைலன்சரில் இருந்தால் வண்டி கிளம்பாது, அல்லது கிளம்பிக் கறுப்பாகப் புகை தள்ளி நின்றுவிடும். இழுப்புக் குழாயில் இருப்பதைக் கம்பியால் உள்ளே தள்ளிவிடாதீர்கள்; குழாயைக் கழற்றி வெளிப்பக்கமாகத் தட்டி எடுக்க வேண்டும். அந்த மண் துகள் சிலிண்டருக்குள் போனால் அதன் உள்சுவரான லைனரை உப்புத்தாள் போட்ட மாதிரித் தேய்த்துவிடும். ஆயிலில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரில் ஆயில் வற்றி அடியில் கரிசல் புழுதி கேக் மாதிரிப் படிந்திருந்தால், டீசலில் கழுவிக் குறி வரைக்கும் புது ஆயில் ஊற்றுங்கள். குறிக்கு மேலே ஊற்றினால் அந்த ஆயிலையே இன்ஜின் இழுத்து எரிக்கும்.

எலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீசல் ஹோஸ், வயர், ரேடியேட்டர் இடுக்கு. கடித்த இடம் தெரியும்.

ஹேண்டில் சொல்வது

வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். தடையில்லாமல், கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் கல்லில் முட்டின மாதிரி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். மழைத் தண்ணீர் சைலன்சர் வழியாக இறங்கி, எக்ஸாஸ்ட் வால்வ் திறந்திருந்த நேரம் பார்த்து சிலிண்டருக்குள் போயிருக்கலாம். தண்ணீர் சுருங்காது, நீங்கள் நெருக்கினால் கனெக்டிங் ராடு வளையும். நாசிலைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சி வெளியேறும். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

தடையில்லை என்றால் லீவரை இறக்கிவிட்டு, வேகம் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை ஸ்டாப்பில் வைத்து, மறுபடி மெதுவாகச் சுற்றுங்கள். ஃப்ளைவீல் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை கெட்டியான தடை வர வேண்டும். அந்த இடத்தில் தள்ளிப் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி ஃப்ளைவீல் திருப்பித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளினால் அழுத்தம் இருக்கிறது. பிரச்சினை டீசல் பக்கம். தள்ளாமல் புஸ்ஸென்று இறங்கிவிட்டால் காதை வைத்துக் கேளுங்கள். ஏர் கிளீனர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வ். சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். கம்ப்ரஷன் கேஜ் இல்லாத பட்டறையிலும் இது ஏமாற்றாது.

சுற்றும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வையுங்கள். இன்ஜின் உதைத்தால் ஹேண்டில் கையை விட்டு நழுவிப் போகும். சுற்றிப் பிடித்திருந்தால் கட்டை விரலும் மணிக்கட்டும் அதோடு போகும். ஹேண்டில் நுழையும் தண்டில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். துருவில் மாட்டிக்கொண்ட ஹேண்டில், ஓடும் இன்ஜினோடு சேர்ந்து சுழன்று தெறிக்கும். தோளில் துண்டு வேண்டாம். லுங்கியை மடித்துக் கட்டிவிட்டு நில்லுங்கள்.

புகை

டீகம்ப்ரஷனைத் தூக்கி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வேகமாகப் பத்துச் சுற்று சுற்றி, லீவரை விட்டு இரண்டு மூன்று நெருக்கம் வரைக்கும் விடாமல் சுற்றுங்கள். சைலன்சரில் புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளையாக, கண்ணைக் கரிக்கிற பச்சை டீசல் வாடையோடு வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை: அழுத்தம் குறைவு, நாசில் ஒழுகல், டைமிங் (டீசல் விழும் நேரம்) தப்பு இவற்றில் ஒன்று. வாடையே இல்லாத வெள்ளை நீராவி என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை. குளவியிடம் திரும்பிப் போங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அதனால் மட்டும் வண்டி கிளம்பாமல் போவது குறைவு.

நின்ற வண்டியில் அதிகம் பார்ப்பது முதல் வகை. புகையே இல்லை. இதற்குத்தான் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஏர் எடுப்பது

இந்த அளவு இன்ஜினில் பம்ப் ஒரு தடவை தள்ளும் டீசல் ஏறக்குறைய ஒரு சொட்டுதான். அந்தச் சொட்டுக்கு முன்னால் குழாயில் கடுகளவு காற்று இருந்தால் போதும், பம்ப் தள்ளும்போது காற்று சுருங்கும், விடும்போது விரியும். நாசிலைத் திறக்கிற அளவுக்கு அழுத்தம் ஏறவே ஏறாது. நாள் முழுக்கச் சுற்றினாலும் அந்தக் காற்று தானாக வெளியேறாது.

ஆனால் ஏர் எடுக்கும் முன் டீசலைப் பாருங்கள். டேங்க் அடியிலிருந்து அரை லிட்டரை நிறமில்லாத தண்ணீர் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் ஆடாமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட லேசு. தண்ணீர் இருந்தால் அடியில் தனி வரையாகப் பிரிந்து நிற்கும். கேனில் வாங்கி, மூடி சரியில்லாமல் கொட்டகையில் வைத்திருந்த டீசல் என்றால் இதை நிச்சயம் செய்ய வேண்டும். அரை டேங்கோடு நிறுத்திய வண்டியிலும் அப்படித்தான்: காலியான மேல் பாதியில் ராத்திரி ஈரம் வேர்த்து இறங்கும். தண்ணீர் தெரிந்தால் டேங்க் முழுவதையும் வடித்து, ஒரு லிட்டர் புது டீசல் விட்டு அலசி, ஃபில்டர் கிண்ணத்தைக் கழுவி, பேப்பர் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். ஈரம் பட்ட பேப்பர் ஊதிவிடும். காய வைத்துத் திரும்பப் போடுவதில் பிரயோஜனமில்லை. ரப்பர் ஹோஸை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். டேங்க் மேலே இருப்பதால் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டும் என்று நினைப்போம். ஃபில்டர் பாதி அடைத்திருந்தால் அதற்கு அப்பால் பம்ப் இழுக்கிற இழுப்பில் வெடிப்பு வழியே காற்று உள்ளே ஏறும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. 'தினமும் ஏர் பிடிக்குது' என்கிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடம்.

இனி வரிசையாக. டேங்க் முக்கால் பங்காவது நிறைந்திருக்கட்டும். டேப்பைத் திறந்து, ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் ஒன்றும் வராது. பிறகு சோப்பு நுரை மாதிரிப் பொங்கி வரும். அப்புறம் டீசலும் குமிழியுமாக மாறி மாறி வரும். குமிழி இல்லாமல் கண்ணாடி மாதிரி வழிய ஆரம்பித்த பிறகும் ஒரு பத்து எண்ணிவிட்டு, டீசல் வழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். நின்ற பிறகு இறுக்கினால் ஒரு வாய் காற்று மறுபடி போய்விடும். அவசரப்படுகிறவர்கள் தப்பு விடுவது இங்கேதான். பத்துக் குமிழி போனதும் போதும் என்று இறுக்கிவிடுவார்கள். அடுத்தது பம்புக்குள் டீசல் நுழையும் இடத்துக் குழாய் போல்ட். அதையும் இதே மாதிரி. அந்த போல்டின் இரண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். ஒன்று மண்ணில் விழுந்து காணாமல் போனால் அந்த இணைப்பு நிரந்தரமாகக் காற்று இழுக்கும். கீழே ஒரு தட்டு வைத்துக்கொண்டு கழற்றுவது நல்லது.

கடைசியாக நாசிலுக்குப் போகும் ஹை பிரஷர் பைப்பின் நட். பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பேனர். நாசில் பக்க நட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, டீகம்ப்ரஷனைத் தூக்கி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஒருவர் சுற்ற வேண்டும். முதலில் நுரை. பிறகு ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு துள்ளலாக டீசல் வரும். ஐந்தாறு துள்ளல் சுத்தமாக வந்ததும் நட்டை இறுக்குங்கள். விரலை வைத்து மூடிப் பார்ப்பது, கை நீட்டி உணர்ந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். நாசில் திறக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த மாதிரிதான் இருக்கும், வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறியது என்று சொல்ல வேண்டும்.

இறுக்கிய பிறகு டீகம்ப்ரஷனைத் தூக்கியபடியே மறுபடி சுற்றுங்கள். இப்போது காதுக்கு வேலை. நாசில் நன்றாக இருந்தால் ஃப்ளைவீல் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 'கிர்ர்... கிர்ர்...' என்று, பழைய மரக் கதவு லேசாக நகர்ந்த மாதிரி ஒரு சத்தம் நாசிலில் கேட்கும். பைப்பில் கை வைத்தால் துடிப்பும் தெரியும். இந்தச் சத்தம் கேட்டுவிட்டால் வண்டி பெரும்பாலும் கிளம்பிவிடும். துடிப்பு மட்டும் இருந்து சத்தம் இல்லை என்றால் நாசில். இரண்டுமே இல்லை என்றால் பம்ப் பக்கம்.

நாசில்

நாசிலைக் கழற்றி, அதே பைப்பில் வெளியே பார்க்கிற மாதிரித் திருப்பி மாட்டி, ஆள் இல்லாத திசையைக் காட்டிச் சுற்றுங்கள். பனி மாதிரிப் பரவி, சட்டென்று வெட்டின மாதிரி நிற்க வேண்டும். கம்பி மாதிரி நீளமாக அடித்தாலோ, அடித்து முடித்த பிறகு முனையில் சொட்டுத் தொங்கினாலோ சிலிண்டருக்குள் அது பற்றாது; வெள்ளைப் புகைதான் வரும். முனையில் கரி இருந்தால் டீசலில் ஊற வைத்துப் பித்தளை பிரஷில் தேய்க்கலாம். இரும்புக் கம்பியை ஓட்டைக்குள் விடக் கூடாது. அழுத்தம் வைப்பது நாசில் டெஸ்டர் உள்ள கடையின் வேலை. உங்கள் இன்ஜின் மேனுவலில் உள்ள அளவைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள். எல்லா இன்ஜினுக்கும் ஒரே அளவு வைத்துக் கொடுக்கிற கடைகளும் உண்டு.

திரும்ப மாட்டும்போது நாசில் அடியில் உள்ள செம்பு வாஷரைக் கவனியுங்கள். பழையது ஓட்டைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; தெரியாமல் புதியது ஒன்றை மேலே போட்டால் நாசில் முனை அதன் இடத்தில் நிற்காது, பீய்ச்சல் தப்பான இடத்தில் விழும். டார்ச் அடித்துப் பார்த்து, பழையதை வளைந்த கம்பியில் எடுத்துவிடுங்கள். புது வாஷர் கிடைக்காத நேரத்தில் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகும். ஒரு தடவைக்குத் தாங்கும்.

பம்ப், கடைசியாக

பம்பைக் கழற்றும் முன், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் அதன் ரேக்கை விரலால் நகர்த்திப் பாருங்கள். தண்ணீர் கலந்த டீசலோடு நின்ற பம்பில் ரேக் ஸ்டாப் நிலையில் பிசின் வைத்த மாதிரி ஒட்டியிருக்கும். த்ராட்டில் அசையும், ரேக் அசையாது. சுத்தமான டீசல் ஊற்றி ஊற வைத்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினால் பல நேரம் விட்டுவிடும். விட்ட பிறகு ஸ்டாப் வரைக்கும் தானாகத் திரும்பி வருகிறதா என்று பத்துத் தடவையாவது பாருங்கள். ரேக் முழு டீசல் நிலையில் மாட்டிக்கொண்டு வண்டி கிளம்பினால் அதை நிறுத்த முடியாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

பம்பின் தலையில் டெலிவரி வால்வ் இருக்கிறது. அதன் சீட்டில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் தள்ளிய டீசல் திரும்பி வந்துவிடும். அதைக் கழற்றிச் சுத்தமான டீசலில் அலசி அப்படியே மாட்டலாம். துணியால் துடைக்கக் கூடாது. ஒரு நூல் போதும், அடைப்புக்கு. டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சர், அது ஓடும் குழலான பேரல் இரண்டை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அவை இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை. இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடி அதைப்போல இருபது மடங்காவது தடிமன்.

பம்பையே எடுக்க வேண்டி வந்தால் அதன் அடியில் இருக்கும் ஷிம்களை (மெல்லிய தகடுகள்) எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒன்றை எடுத்துவிட்டால் பம்ப் கேம் பக்கம் நெருங்கி டீசல் முன்னதாக விழும். ஒன்று கூடினால் பிந்தி விழும். 'பம்ப் சர்வீஸ் பண்ணிக் கொண்டாந்து மாட்டினதுலருந்து ஸ்டார்ட்டே ஆகலண்ணே, வெள்ளைப் புகைதான் வருது' என்று வருகிற வண்டியில் பம்பைத் திரும்பப் பிரிக்கும் முன் ஷிம் கணக்கைக் கேட்க வேண்டும்.

அழுத்தம் இல்லை என்றால்

ஹெட்டைத் தூக்கும் முன் மூன்று காரியம். டீகம்ப்ரஷன் லீவர் முழுக்கத் திரும்பி வருகிறதா பாருங்கள். துருப்பிடித்த லீவர் அரை மில்லிமீட்டர் மேலேயே நின்றால் வால்வ் மூடவே மூடாது. அடுத்து டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டனை நெருக்கத்தின் மேல்முனைக்குக் கொண்டுவந்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். அளவு மேனுவலில் இருக்கும்; இந்த மாதிரிப் பல இன்ஜின்களில் 0.20, 0.25 மி.மீ. சுற்றி வரும். சத்தம் வருகிறது என்று டேப்பட்டை முழுக்க இறுக்கி வைத்திருப்பார்கள். வால்வ் சீட் தேயத் தேய இடைவெளி தானாகவும் குறையும். இடைவெளியே இல்லை என்றால் வால்வ் பொத்தாது. மூன்றாவது, வால்வ் தண்டு துருவில் ஒட்டியிருப்பது. நாலு சொட்டு டீசலும் ஆயிலும் கலந்து தண்டில் விட்டு, ஸ்பிரிங் தலையை மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் மேலும் கீழும் போக ஆரம்பிக்கும்.

ரிங் சந்தேகமாக இருந்தால் ஒரு டீ ஸ்பூன், அதாவது 5 மில்லி இன்ஜின் ஆயிலை இன்லெட் குழாயில் விட்டு, டீகம்ப்ரஷனைத் தூக்கிப் பத்துச் சுற்று சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆயில் ரிங் ஓரத்தை அடைத்து அழுத்தம் கூடும். வண்டி கிளம்பினால் குறை ரிங்கில்தான். ஒரு டம்ளர் ஊற்றுகிற வேலை வேண்டாம், முன்னே சொன்ன தண்ணீர் கதைதான் நடக்கும். ரிங் கரியில் ஒட்டியிருந்தால் நாசில் ஓட்டை வழியே இரண்டு ஸ்பூன் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைக்கலாம். டில்லர் சிலிண்டர் படுக்கையாக இருப்பதால் ஆயில் அடியிலேயே தேங்கும், மேல்பக்க ரிங்குக்குப் போகாது. படுக்கப் போகும் முன் நாலைந்து தடவை ஃப்ளைவீலை ஆட்டிவிட வேண்டும். காலையில் நாசிலைப் போடாமலே சுற்றி மிச்சத்தை வெளியே தள்ளுங்கள்.

ஏர் கிளீனரில் பெட்ரோல் துணியைக் காட்டுவது, ஸ்ப்ரே அடிப்பது, குழாய் வாயில் தீ காட்டுவது: இவை வண்டியைக் கிளப்பும் என்பது உண்மை. அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும், ஹேண்டிலைத் திருப்பி அடிக்கும் என்பதும் உண்மை. ஒரு தடவை பழக்கிவிட்டால் தேய்ந்த இன்ஜின் அது இல்லாமல் கிளம்பாது.

செல்ஃப் ஸ்டார்ட் உள்ள மினி டிராக்டர் என்றால் முதல் சந்தேகம் பேட்டரி. நின்ற நிலையில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. பேட்டரி நன்றாக இருந்தும் 'டக்' மட்டும் கேட்டால் டெர்மினலிலும் பாடி எர்த் வயரிலும் பூத்திருக்கும் உப்பைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டுங்கள். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் போட வேண்டாம். கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகளில் கிளட்ச் ஸ்விட்ச் கெட்டிருக்கும், அதையும் மறக்காதீர்கள். மல்லிகைத் தோட்டத்துக்கு வாங்கிய களை எடுக்கும் சின்ன பெட்ரோல் வீடரில் கதை வேறு: எத்தனால் கலந்த பெட்ரோல் நின்றால் ஈரத்தை இழுத்துக் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பிரிந்து நிற்கும். கிண்ணத்தை வடித்து ஜெட்டை ஊதிவிட்டாலே பெரும்பாலும் எடுத்துவிடும். பிளக் இடைவெளி 0.7 மி.மீ. போதும். ஆயில் குறைந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சென்சார் உள்ள மாடலும் உண்டு.

கிளம்பிய பிறகு

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது கையெட்டும் தூரத்தில் ஒரு நனைத்த சாக்கோ பலகையோ இருக்கட்டும். வேகம் தானாக ஏறினால் ஸ்டாப் லீவரைத் தேடிக்கொண்டிருக்காமல் ஏர் கிளீனரைக் கழற்றிய வாயைப் பலகையால் பொத்துங்கள். கையால் வேண்டாம். ஏர் எடுத்த இணைப்புகளை ஐந்து நிமிஷம் ஓடியதும் டார்ச் அடித்துப் பாருங்கள்; டீசல் பனித்திருந்தால் கால் சுற்று இறுக்கினால் போதும். அதற்குள் நடவுக்கு நாள் நெருங்கிவிட்டால், உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை வண்டியைப் பதிவு செய்துவிட்டு இதை நிதானமாகப் பாருங்கள். அவசரத்தில் கழற்றிய இன்ஜினை மாட்ட ஆள் கிடைக்காது.

அறுப்பு முடிந்து திரும்ப நிறுத்தும்போது டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி டேப்பை மூடுங்கள். ஃப்ளைவீலைக் கெட்டியான தடை வரும் இடத்துக்குச் சுற்றி அங்கேயே விடுங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. ஏர் கிளீனர் வாயைத் துணியால் கட்டி, சைலன்சர் வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருதரம் டீகம்ப்ரஷனைத் தூக்கி நாலு சுற்று சுற்றி, மறுபடி அதே இடத்தில் நிறுத்துங்கள். புரட்டாசியில் ஹேண்டிலைப் போடும் முன் சிரட்டையை எடுத்துவிடுங்கள். இல்லை என்றால் அது கூரைக்குப் போகும்.